மேகவர்ணம் ஓட்டலின் ஒன்றாம் நம்பர் அறை

ஓட்டல் வரவேற்பு மேஜையில் நிற்பவனுக்குச் சம்பளம் கொடுப்பது, மற்றவர்கள் சொல்வதை நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத்தான். வந்தவர் "மனைவி" என்றால் மனைவி. "வியாபார விஷயம்" என்றால் வியாபார விஷயம். கள்ளக்குறிச்சியில் பதினெட்டு வருஷம் அந்த முகத்தோடு நின்றேன். அப்படிக் கேட்டுக்கொண்ட கதைகளில் ஒன்றை மட்டும் பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். அதை அச்சில் ஏற்றியவனும் நான்தான். அதனால் சந்தேகம் கதை மேலா, என் மேலா என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. நீங்களும் ஏதாவது ஒரு மேஜைக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவராக இருந்தால் இது புரியும்.

யாரும் படுக்காத கட்டில்

எங்கள் பெரிய முதலாளி கல்வராயன் மலைக் கடுக்காயையும் புளியையும் குத்தகைக்கு எடுத்துச் சம்பாதித்தவர். பயணிகள் பஸ் ஸ்டாண்டிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டிருந்த ஊரில், மூன்று மாடி, மொசைக் தரை, சென்னையிலிருந்து லாரியில் வந்த கண்ணாடிச் சரவிளக்கு என்று ஓட்டல் கட்டினார். கட்டி முடித்த கையோடு குடும்பத்துடன் சென்னைக்குக் குடிபோய்விட்டார். ஆனால் ஒன்றாம் நம்பர் அறை அவருடையது. தினமும் மாலை ஆறு மணிக்கு அதில் விளக்குப் போட வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும், கூஜாவில் தண்ணீர் வைக்க வேண்டும். மறுநாள் காலை யாரும் குடிக்காத தண்ணீரைக் கொட்டிவிட்டு, யாரும் படுக்காத விரிப்பைத் துவைக்கப் போட வேண்டும். மற்ற அறைகள் நிறைந்து வழிந்தாலும் அதை மட்டும் வாடகைக்கு விடக்கூடாது.

சர்க்கரை ஆலைக்கு உதிரிபாகம் விற்க வரும் ஒருவர், அறை கிடைக்காத ஒரு நாள், அந்த விளக்கு வெளிச்சத்தைக் காட்டிக் கேட்டார். முதலாளி அறை என்றேன். எப்போது வருவார் என்றார். தெரியாது என்றேன். கடைசியாக எப்போது வந்தார் என்றார். நான் சேர்ந்த பிறகு வரவில்லை என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "கோயில்ல கூட சாமி உள்ள தூங்குதுன்னுதான் நடைய சாத்துறாங்க. உங்க சாமி மெட்ராஸ்ல போயி தூங்குது."

புலி போன வழி

அந்த அறையைத் தினமும் விரித்து எடுத்தவர் அண்ணாமலை. வெள்ளிமலைப் பக்கத்து மலைக்காரர், ஓட்டல் திறந்த நாளிலிருந்து ரூம் வேலை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், இருந்தும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். விரிப்பின் நான்கு மூலையும் அவர் மடித்தால் கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும்.

சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத் தலைவர், அவர் மலைக்காரர் என்று தெரிந்ததும், மேலே புலி இருக்கிறதா, நீ பார்த்திருக்கிறாயா, ராத்திரி வீட்டுக்கு வருமா என்று மூன்று நாள் விடாமல் கேட்டார். அண்ணாமலை மூன்று நாளும் சிரித்தார். கிளம்பும்போது பெட்டியைக் காரில் வைத்துவிட்டுப் பதில் சொன்னார்: "இருந்துச்சுங்க. வர்றவங்கல்லாம் இதையே கேட்டுக்கினு இருந்தாங்க, அதுங்களே போயிடுச்சுங்க."

மரங்கள் விழுந்த வாரம்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம், நான் களமருதூரில் என் வீட்டில் மாட்டிக்கொண்டேன். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. போராடியவர்களில் என் பள்ளித் தோழர்களும் இருந்தார்கள். நான் போகவுமில்லை, போகாதே என்று சொல்லவுமில்லை. அதுவும் என் சுபாவம்தான். கடைசியில் சைக்கிளை மரங்களுக்கு மேல் தூக்கித் தூக்கிக் கடந்து ஓட்டலுக்கு வந்து சேர்ந்தேன்.

ஒன்றாம் நம்பர் அறை வாசலில் வாடிய சாமந்தி கிடந்தது. மேனேஜர் துரைசாமி நடந்ததைச் சொன்னார். தியாகதுருகத்து மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வந்த பஸ் எங்கள் வாசலோடு நின்றுவிட்டது. விடிந்தால் முகூர்த்தம், மண்டபம் மறியலுக்கு அந்தப் பக்கம். மற்ற அறைகளிலெல்லாம் மாட்டிக்கொண்ட பயணிகள். அப்போது சென்னையிலிருந்து பெரிய முதலாளியே போன் செய்து, ஒன்றாம் நம்பரைத் திறந்து கல்யாணத்தை அங்கேயே நடத்தச் சொன்னாராம். தாலி அந்த அறையில்தான் ஏறியது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அண்ணாமலை எங்கே என்று கேட்டேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "அது வேற விஷயம்ப்பா."

பின்வாசலில்

அடுத்த மாதம் அண்ணாமலை பின்வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். காக்கி பேண்ட் இல்லாமல் வேட்டியில் அவரை அன்றுதான் பார்த்தேன். மகள் பத்தாவது படிக்கிறாள், விடுதிச் செலவுக்கு இந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன் என்றார். மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். அன்றைக்கு நான் ஊரில் இல்லையே, எனக்கு என்ன தெரியும் என்றேன். நான் சொன்னது உண்மைதான். உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்பதை அன்றுதான் கற்றேன். அவர் கோபப்படவில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ்ஸுக்கு நடந்தார்: "நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம் சார். இன்னா நடந்துச்சுன்னு கேளுங்க, போதும்."

நான் கேட்கவில்லை. மகள் படிப்பை நிறுத்திவிட்டதாகவும், அவர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டதாகவும் பிறகு யாரோ சொன்னார்கள்.

வெள்ளி விழா மலர்

ஓட்டலுக்கு இருபத்தைந்து வருஷம் ஆனபோது, எனக்குத் தமிழ் எழுத வரும் என்று யாரோ சொல்லி, விழா மலருக்கு முதலாளி குடும்ப வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. கடுக்காய் மூட்டையில் தொடங்கி, ஒன்றாம் நம்பர் அறைக் கல்யாணத்தில் முடித்தேன். பெரிய முதலாளி அப்போது காலமாகியிருந்தார். அந்தக் கல்யாணப் பக்கத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, சரவிளக்குக்கு நேர் கீழே மாட்டினார்கள்.

விழாவுக்கு வந்த சின்ன மருமகள் அதைப் படித்துவிட்டு, மாமனார் போனில் பேசியபோது அவர் குரல் எப்படித் தழுதழுத்தது என்று விருந்தினர்களிடம் விவரித்துக்கொண்டிருந்தார். மறியல் நடந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவருக்கு அந்தக் குடும்பத்தில் கல்யாணம் ஆனது. பந்தி கவனித்துக்கொண்டிருந்த மேனேஜரிடம் இதை மெதுவாகச் சொன்னேன். இலையில் ஜாங்கிரி வைத்தபடியே சொன்னார்: "நல்ல விஷயத்துக்கு சாட்சி ஜாஸ்தியா இருந்தா இன்னாப்பா?"

அந்தத் தம்பதி

அதற்கு மறுவருஷம் ஒரு கணவனும் மனைவியும் மகனோடு உள்ளே வந்தார்கள். அறை வேண்டாம், ஒன்றாம் நம்பரைப் பையனுக்குக் காட்டிவிட்டுப் போகிறோம் என்றார்கள். மறியல் வாரத்து மணமக்கள். காப்பி வரவழைத்தேன். அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்ததை நிதானமாகப் படித்தார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மா, நான் எழுதியவன் என்று தெரியாமல், என்னிடமே சொன்னார்: "யாருங்க இத எழுதினது? போன் லைனு செத்து நாலு நாளாச்சு அப்போ. எங்கப்பா அதத் தட்டித் தட்டிப் பாத்துக்கினு இருந்தாரு. அந்த மலைக்காரருதாங்க தொறந்தாரு. உங்க மேனேஜரு வாணாம்னு அவரு கையப் புடிச்சாரு. வேல போனா போவுது, அந்தப் பொண்ணு எங்க உக்காரும்னு கேட்டாரு அவரு. அவரு எங்கங்க, இருக்காரா?"

சங்கராபுரம்

மேனேஜர் அதற்குள் ஓய்வு பெற்றுச் சங்கராபுரத்தில் மகன் வீட்டில் இருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து அதிக தூரமில்லை, டவுன் பஸ்ஸே போகும். அந்தத் தூரத்தைப் போய்ச் சேர எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. முதலில் வேலை போய்விடும் என்று போகவில்லை. வேலையை விட்ட பிறகு வயதானவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று போகவில்லை. காரணத்துக்கு எனக்கு எப்போதும் பஞ்சமில்லை.

போன மாதம் போனேன். எண்பது தாண்டியும் குரல் கணீரென்று இருந்தது. நான் கேட்காமலே கல்யாணக் கதையைத் தொடங்கினார். போன் மணி அடித்தது, ஓடிப் போய் எடுத்தது, பெரிய முதலாளி ஒன்றாம் நம்பரைத் திறக்கச் சொன்னது, எல்லாம் வரிசையாக வந்தது. சில வாக்கியங்கள் நான் மலரில் எழுதியவை. முடியும்வரை பழைய முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

லைன் செத்துக் கிடந்ததை நான் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னதையும் சொல்லவில்லை. எந்தச் சாட்சியும் இல்லாமல், சைக்கிளில் வந்து இறங்கிய அன்றைக்கே கேட்டிருக்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டேன்: "தொறக்கச் சொன்னது முதலாளின்னா, அண்ணாமலைய எதுக்கு சார் நிறுத்துனீங்க?"