ஹம்பிக்குப் போகும் முன் ஒரு பரீட்சை

அத்தை ஹம்பிக்குத் தனியாகப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கு ஒன்பது வயது. ஹம்பியில் யாருக்குக் கல்யாணம் என்று நான் கேட்டதற்கு அம்மா தலையில் குட்டினாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. செஞ்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் வராத நேரங்களில் அங்கேயே உட்கார்ந்து, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு குறைந்த செலவில் ஊர் சுற்றுகிறவர்கள் இன்டர்நெட்டில் எழுதுவதையெல்லாம் படிப்பாள். உருப்படியான யோசனைகளை ஒரு நீளநோட்டில் எழுதிவைத்துக்கொள்வாள். பெங்களூரிலிருந்து ஹம்பிக்குப் பக்கத்து ஹோஸ்பேட்டுக்கு ராத்திரி ரயிலில் போனால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம். வழியை மூன்று பேரிடம் கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். டிரைவர் கண்டக்டர் சாப்பிடுகிற கடையில்தான் சாப்பிட வேண்டும். வீட்டுக்குத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஒரு தடவை பேசினால் போதும். அந்த நோட்டை நான் கதைப்புத்தகம் மாதிரி படித்திருக்கிறேன்.

அப்பாவும் பெரிய தாத்தாவும் முடியவே முடியாது என்றார்கள். "பொட்டப்புள்ள தனியா போயி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கடைத்தெருவுல எவன் மூஞ்சில முழிக்கறது?" என்றார் அப்பா. கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய கவலைதான். தாத்தா மட்டும் மோரைக் குடித்து முடித்தார். பிறகு ஒரு பரீட்சை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அத்தை நம்ம பக்கத்திலேயே வெளியூர்க்காரி மாதிரி சுற்றிவிட்டு வரவேண்டும். செஞ்சிக் கோட்டை, மேல்சித்தாமூர், தொண்டூர். போன் கூடாது. கடைப் பேரைச் சொல்லக் கூடாது. தெரிந்தவர்கள் உதவி கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குள் கடை வாசலில் நிற்க வேண்டும். ஜெயித்தால் ஹம்பி. தோற்றால் நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டு, வருகிற மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

"சாட்சிக்கு இவ போவட்டும்" என்று என்னைக் காட்டினார். "இவளுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாது." அது பாராட்டு இல்லை. பெரியம்மா கொடுத்த புடவை பிடிக்கவில்லை என்று அம்மா முணுமுணுத்ததைப் பெரியம்மாவிடமே போய்ச் சொன்னவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சுடிதார், கேன்வாஸ் ஷூ, தலையில் ஒரு நீலத் தொப்பியோடு புறப்பட்டாள். நோட்டில் இருந்தபடி எல்லாம் நடக்க வேண்டுமே, கடைத்தெருவிலேயே வழி கேட்கத் தொடங்கிவிட்டாள். தெருக்கோடியில் நின்றால் ராஜகிரி மலை மொத்தமும் தெரியும். அதைப் பார்த்தபடியே, வாரம் தவறாமல் எங்கள் கடையில் வந்து கதை அளக்கும் கீரைக்காரம்மாவிடம் போய், "கோட்டைக்கு எப்படிங்க போறது?" என்றாள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்த அம்மா சிரிக்கவே இல்லை.

"இப்டியே நேரா போ கண்ணு. நீ எந்த ஊரு?" என்றாள்.

அடுத்து பூக்கடைக்காரர். அவரும் நேராகப் போகச் சொன்னார், அவரும் எந்த ஊர் என்று கேட்டார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு தொப்பி மனிதர்களை இவ்வளவு மாற்றிவிடுமா? எனக்குத் தொப்பி இல்லையே என்ற சந்தேகமும் வந்தது. அத்தையின் கையைப் பிடித்திருந்ததால் அது எனக்கும் சேர்த்து வேலை செய்கிறது என்று முடிவுகட்டினேன்.

வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்பது நோட்டின் இன்னொரு விதி. கோட்டைக் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறினோம். பாதி வழியில் ஒரு குரங்கு வந்து எங்கள் புளிசாதப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போய், எதிரில் உட்கார்ந்தே தின்றது. குரங்கைப் பற்றி நோட்டில் ஒன்றும் இல்லை. அத்தை பேனாவை எடுத்து அங்கேயே எழுதிக்கொண்டாள். உச்சியில் நின்று ஊரைப் பார்த்தபோது எங்கள் தெரு எது என்று இருவருக்குமே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கோட்டையடியில் இருக்கும் அத்தை அதற்குமுன் ஒரே தடவைதான் மேலே ஏறியிருந்தாளாம், அதுவும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பசியினால் என்று நினைத்தேன்.

மேல்சித்தாமூரில் கோயிலையும் மடத்தையும் பார்த்துவிட்டு வந்தால், நாங்கள் இறங்கிய இடத்தில் இருந்ததே ஒரே ஒரு டிபன் கடை. அப்படியும் அத்தை விதியை விடவில்லை. பஸ் டிரைவர் வந்து உட்கார்ந்து முதல் வாய் வைக்கும்வரை வெளியே காத்திருந்து, பிறகுதான் என்னை உள்ளே கூட்டிப்போனாள். அந்த டிரைவர் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கடையில் சூடம் வாங்குகிறவர். அவரும் என்னைப் பார்த்து, "பாப்பா பேர் இன்னா?" என்று கேட்டார். தொப்பி அபாரமாக வேலை செய்தது.

இரண்டு பஸ் மாறித் தொண்டூர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. திரும்புவதற்கு எப்போது பஸ் என்று மூன்று பேரிடம் கேட்டாள். ஒருவர் நாலு என்றார், ஒருவர் நாலரை என்றார், ஒருவர் இன்றைக்கு அது வராது என்றார். மூன்றும் மூன்று மாதிரி இருந்தால் என்ன செய்வது என்று நோட்டில் போடவில்லை. பாறையில் சமணத் துறவிகள் படுத்திருந்த கற்படுக்கைகளை அவசரமாகப் பார்த்தோம். நான் ஒன்றில் படுத்துப் பார்த்தேன், ஜில்லென்று சுகமாக இருந்தது. ஓடிவந்து ரோட்டில் நின்றோம்.

நாலு ஆயிற்று, நாலரை ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. பஸ் வரவில்லை. அத்தை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அவ்ளோதான்டி" என்றாள். அந்த நோட்டைப் பேப்பர்காரன் தராசில் வைப்பது என் கண்முன் வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ஒரு குட்டியானை வந்தது. பின்னால் காலிச் சாக்குகள் போட்ட சின்ன லோடு வண்டி. டிரைவர் தலையை வெளியே நீட்டி, நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே பேசினார்.

"நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன். நீங்க யாரு, எவரு, எந்தக் கடைன்னு எனக்குத் தெரியாது. செஞ்சிக்குப் போவணும்னா ஏறுங்க."

தெரியாதவர் வண்டியில் ஏறினால் விதியை மீறியது ஆகாது. ஆனாலும் அத்தை முதலில் வண்டி நம்பரை எழுதிக்கொண்டாள். டிரைவர் தானாகவே லைசென்ஸையும் எடுத்துக் காட்டினார். ஆறு அடிக்க ஏழு நிமிஷம் இருக்கும்போது கடை வாசலில் இறங்கினோம்.

அன்று நான் சொன்ன சாட்சியத்தை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். தாத்தா, பெரிய தாத்தா, அப்பா, அம்மா எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள்.

"யாராச்சும் உங்களை இன்னார்னு கண்டுக்கினாங்களா?" என்றார் தாத்தா.

"ஒருத்தர்கூட இல்ல தாத்தா! கீரைக்காரம்மாவுக்கே தெரியல!"

என் முகத்தைப் பார்த்த பெரிய தாத்தாவாலும் சந்தேகப்பட முடியவில்லை. அப்பாவுக்கு ஹம்பிக் கவலை போய் வேறு கவலை பிடித்துக்கொண்டது. மூன்று தலைமுறையாகக் கடை நடத்தியும் நம்மை ஒருத்தனுக்கும் தெரியவில்லையா என்று இரண்டு நாள் கடைத்தெருவில் எல்லாரையும் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

வெகுகாலம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அந்தக் குட்டியானை டிரைவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை முழுவதும் தாத்தா யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாராம். "தெரியாத மாதிரியே இருங்கப்பா. ஆனா கண்ணு மட்டும் அது மேலயே இருக்கட்டும்." மகளை அனுப்ப வேண்டும் என்று ஆசை, அண்ணனையும் மகனையும் எதிர்க்க முடியாத சங்கடம், எல்லாவற்றுக்கும் மேல் பயம். அத்தை இன்றைக்குப் பாதி இந்தியாவைத் தனியாகச் சுற்றிவிட்டாள். தனியாகப் போக நினைக்கும் பெண்களிடம், முதலில் உங்கள் தாலுகாவையே யார் உதவியும் இல்லாமல் சுற்றிப்பாருங்கள், நான் அப்படித்தான் ஆரம்பித்தேன் என்று சொல்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்த அளவுக்குப் பொய் சொல்ல எனக்கும் இப்போது வருகிறது.

அத்தை ஹம்பியில் இறங்கிய அன்று, சொன்னபடி ராத்திரி ஏழு மணிக்குப் போன் செய்தாள். "நைனா, இங்க ஒரு ஆளுக்குக்கூட என்னைத் தெரியாது நைனா!" என்று அவள் கத்திய சந்தோஷம் கூடம் முழுக்கக் கேட்டது. தாத்தாவும் சிரித்தார். "சாப்டியாம்மா" என்று மட்டும் கேட்டார். பேசி முடித்த பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொத்தானில் விரலை வைப்பார், எடுப்பார். நம்பர் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, கடையிலிருந்த டெலிபோன் டைரியை ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

"யாருக்குத் தாத்தா போடணும்? சொல்லுங்க, நான் போட்டுத் தரேன்."

தாத்தா டைரியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். திண்டிவனம், மேல்சித்தாமூர், அனந்தபுரம், விழுப்புரம். கடைசிப் பக்கம்வரை போய், மூடி என்னிடமே கொடுத்தார்.

"அங்க நமக்கு யாரையும் தெரியாதும்மா" என்றார்.

அதற்குத்தானே அத்தை அங்கே போனாள், இதில் இவர் முகம் வாடுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.