புகைக்கு நடுவே விளக்கு எண்ணிய அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேரையாவது அவர் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்பியிருப்பார். போகும் வழியெல்லாம் அந்த நிலையத்தின் வரலாற்றையும் சொல்லியிருப்பார். கேட்டு அலுத்தவர்கள் பொறுத்தருள வேண்டும், அதில் கொஞ்சம் இங்கேயும் வரும். அதை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுத அவருடைய மகளாகிய எனக்குத் தெரியவில்லை.

அப்பா பிறந்தது மந்தைவெளியில். எட்டு வயதில் தாயை இழந்தார். அவருடைய அண்ணன், அதாவது எங்கள் பெரியப்பா, பள்ளி இறுதியோடு தம் படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போய்த் தம்பியைக் கல்லூரியில் சேர்த்தார். தீபாவளிக்குத் தம்பிக்குச் சட்டை எடுத்த பிறகுதான் தமக்கு எடுப்பார் என்று அப்பா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. இயற்பியலில் பட்டம் பெற்ற அப்பாவுக்கு விமான நிலையத்தின் வானிலைப் பிரிவில் வேலை கிடைத்தது. பெரியப்பா பின்னர் பதவி உயர்வில் டில்லிக்குப் போனார்.

அப்பா பணியில் சேர்ந்தபோது மீனம்பாக்கத்தில் பழைய கட்டடம் மட்டும்தான். மாடியில் பார்வையாளர் மாடம் உண்டு. சீட்டு வாங்கிக்கொண்டு மேலே நின்றால், விமானத்திலிருந்து படிக்கட்டில் இறங்கி வருகிறவரின் முகம்கூடத் தெரியும். நாம் கையாட்டினால் அவரும் கையாட்டுவார். பிறகு திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று புது முனையங்கள் எழுந்தன. படிக்கட்டுக்குப் பதிலாகக் கட்டடத்திலிருந்தே விமானத்துக்குள் நடந்து போகும் பாலம் வந்தது. அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு ஓடுபாதை ஒன்றை நீட்டினார்கள். அப்புறம் மெட்ரோ ரயில். ஒவ்வொன்றும் திறக்கப்பட்டபோது, சொந்த வீட்டுக்கு மாடி எடுத்தது போல அப்பா எங்களை அழைத்துப் போய்க் காட்டினார். கழிப்பறை எந்தப் பக்கம் என்பது வரை காட்டினார்.

அவருடைய வேலையில் ஒன்றை மட்டும் விளக்கியாக வேண்டும். மூடுபனிக் காலையில் விமானம் இறங்கலாமா என்று அறிய, அந்நாளில் ஒருவர் ஓடுபாதை ஓரமாக நின்று, வரிசையாக எரியும் விளக்குகளில் எத்தனை கண்ணுக்குத் தெரிகின்றன என்று எண்ணிச் சொல்வார். அளவுக்குக் குறைந்தால் விமானம் இறங்காது. பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ திருப்பிவிடுவார்கள். சென்னையில் பனியைவிட மோசமானது போகிப் புகை. அதனால் மார்கழிக் கடைசியில் அப்பா எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், எதையும் கொளுத்த வேண்டாம் என்று கெஞ்சுவார்.

“இன்னா சார், எங்க வூட்டுப் பாயக் கொளுத்துனா உங்க ஏரோப்ளேன் நின்னுடுமா?” என்று எதிர்வீட்டு அம்மா கேட்பார்.

“உங்க ஒரு பாய் இல்லம்மா. ஊரே இதத்தானே கேக்குது,” என்பார் அப்பா. அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அப்படி ஒரு போகியன்றுதான் எங்கள் குடும்பத்தில் விரிசல் விழுந்தது. அப்பாவின் தந்தையான எங்கள் தாத்தா மருத்துவமனையில் கடைசி மூச்சில் இருந்தார். அவரைப் பார்க்கப் பெரியப்பா டில்லியிலிருந்து காலை விமானத்தில் வந்துகொண்டிருந்தார். அப்பாவுக்கு அன்று காலைப் பணி. விமானம் தலைக்கு மேலே வட்டமடித்தது. அதில் யார் இருக்கிறார் என்று அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். இறங்க வேண்டுமானால் இன்னும் இரண்டு விளக்குகள் தெரிந்திருக்க வேண்டும். மூன்று முறை எண்ணினார். தெரிந்ததைச் சொன்னார். விமானம் பெங்களூருக்குப் போய்விட்டது.

புகை விலகி அது திரும்பி வந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. தாத்தா பத்து மணிக்கே போய்விட்டார். நினைவு இருந்த வரைக்கும் “பெரியவன் வந்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அத்தோடு விட்டிருந்தால் பழி புகையோடு போயிருக்கும். எங்கள் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? அழுதுகொண்டிருந்த அண்ணனிடம் போய், “நான்தாண்ணா எண்ணினேன்,” என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே போய்ச் சொன்னார்.

“ரெண்டு வெளக்கு சேத்துச் சொன்னா இன்னாடா கொறஞ்சிருக்கும்?” என்றார் பெரியப்பா.

“தெரியலையேண்ணா. தெரியாதத எப்பிடித் தெரியுதுன்னு சொல்றது?”

“இனிமே நீ எங்கூடப் பேசாத.”

பேச்சு நின்றது நின்றதுதான். பெரியப்பா எல்லா விசேஷத்துக்கும் வருவார், முறை தவறாமல் செய்வார், தம்பியோடு மட்டும் பேச மாட்டார். என் திருமணத்தில் அப்பா பக்கத்திலேயே நிற்கும்போது, “மாப்ள வீட்டு வண்டி வந்துடுச்சுன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு,” என்றார் என்னிடம். மாலையும் கழுத்துமாக நின்ற நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. “என்னை வளத்தவரும்மா. கோவிச்சுக்க அவருக்கு உரிமை இருக்கு,” என்பார்.

ஆண்டுகள் ஓடின. அப்பா ஓய்வு பெற்றார். பெரியப்பாவும் ஓய்வு பெற்று, பாலவாக்கத்தில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு போகிக் காலையில், கைக்குழந்தையோடு மும்பையிலிருந்து வரும் அவருடைய மகளை அழைத்துவர நான் வண்டி ஓட்டினேன். கூப்பிடாமலே அப்பாவும் ஏறிக்கொண்டார். வருகை வாசலுக்கு வெளியே ஒரே பெஞ்சில் இரண்டு கிழவர்கள், நடுவே நான். பலகையில் அந்த விமானத்துக்கு நேராகத் தாமதம் என்று வந்தது.

பெரியப்பா என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார். “எறங்குமாடா?”

அப்பா எழுந்து போய்ப் பார்த்தார். எதிரே இருக்கும் திரிசூலம் மலையே தெரியவில்லை. “எறங்காதுண்ணா. எறங்கவும் கூடாது.”

“இப்ப யாரு எண்றாங்க?”

“ஆள் இல்லண்ணா. மெஷின்தான்.”

“உன்ன மாதிரி கறாரா எண்ணுமா?”

“எண்ணும்.”

“எண்ணட்டும். கொழந்தைய வெச்சிக்கினு வருது,” என்று சொல்லிப் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் காபி வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்தேன். திரும்பி வந்தபோது அவர்களுக்கு நடுவே இடமில்லை; பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அதன்பின் இருவரும் தினம் தொலைபேசியில் பேசினார்கள். சென்ற ஆண்டு அப்பாவுக்கு இதயம் பலவீனப்பட்டு, அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் பதினான்கு நாள் இருந்தார். பெரியப்பா தள்ளாத வயதில் பாலவாக்கத்திலிருந்து தினமும் ஆட்டோவில் வந்தார். அப்பாவின் உயிர் பிரிந்த காலையிலும் அவர்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பணி உடையோடு நேராக வந்து பாடை தூக்கிய விமான நிலைய நண்பர்களுக்கும், பத்து நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி பாராட்டும்.

இந்த மலருக்குப் பழைய படம் கேட்டுப் பெரியப்பாவிடம் போயிருந்தேன். படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஒண்ணு எழுதிக்க. அவங்கூடத் திரும்பப் பேசினேனே தவிர, நான் கோவிச்சிக்கினு இருந்தது தப்புன்னு ஒருநாளும் சொல்லல. ஆஸ்பத்திரில பதினாலு நாளும் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே உட்டுட்டேன். அன்னிக்கி என் தம்பி செஞ்சதுதான் சரின்னு அண்ணன் சொன்னான்னு போடு. எல்லாரும் படிக்கட்டும்.”

போட்டுவிட்டேன், பெரியப்பா.