துணி சுற்றிய கட்டை

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு ஃபைபர் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். பாலிடெக்னிக் முடித்த கையோடு கிடைத்த வேலை. தண்ணீர்த் தொட்டி, லாரிக்கு முகப்பு, திருவிழாவுக்கு யானைத் தலை என்று யார் எதைக் கேட்டாலும் வார்த்துக் கொடுப்போம். அந்த எட்டு மாதத்திலேயே, உலகத்தில் உடைந்து கிடக்கிற எல்லாவற்றையும் ரெசினும் கண்ணாடி நாரும் வைத்து ஒட்டிவிடலாம் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

உவரியிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து விற்கிற ஒரு அக்கா, மத்தியானம் வெறும் கூடையோடு எங்கள் பட்டறைக் குழாயில் கை கழுவ வருவார். ஒருநாள் கை கழுவிக்கொண்டே முதலாளியிடம் கேட்டார். "அண்ணாச்சி, ஒடஞ்ச வள்ளத்த ஒட்ட முடியுமா?"

"தொட்டி ஓட்டையின்னா கொண்டா. வள்ளமெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார் முதலாளி.

அக்கா போகவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார். அவருடைய வீட்டுக்காரருக்கு வலை இழுக்கும்போது இடுப்பில் அடிபட்டு ஒரு வருஷமாகக் கடலுக்குப் போக முடியவில்லை. மகனுக்குப் பதினேழு வயது. அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன், யாரையும் கேட்காமல் தகப்பனின் கட்டுமரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாகப் பக்கத்து ஊரில் முள்ளுக்குள் கிடந்த ஒரு பழைய ஃபைபர் வள்ளத்தை வாங்கி வந்துவிட்டான். முன்பக்கம் பிளந்து கிடக்கிறது. ஐப்பசியில் ஒரு சொந்தக்காரர் பம்பாய்க்குப் போகிறார், ஐஸ் கம்பெனி வேலைக்கு இவனையும் கூட்டிப் போகச் சொல்லியாயிற்று.

"போமாட்டேங்கான். வள்ளத்த ஓட்டிக் காட்டுதேங்கான். நானும் சொல்லிப்புட்டேன், ஒரே ஒரு நாளு அது ஒழுங்காப் போயி ஒழுங்காத் திரும்பட்டும், பெறவு பாப்போம்னு. அதுக்கு மொதல்ல அது மிதக்கணும்லா!"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நான் ஒட்டித் தாரேன் அக்கா."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, நீ கடல எப்பம் பாத்த?"

திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது பார்த்ததுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன். பட்டறையில் மிச்சப்பட்ட ரெசின் ஒரு டின், ஒரு சுருள் கண்ணாடி நார், உப்புத்தாள். டின் மூடி சரியாக மூடவில்லை போல. வள்ளியூர் தாண்டுவதற்குள் பஸ் முழுக்க வாடை. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னத்தவே கொண்டாந்திருக்கீரு? கண்ணெல்லாம் எரியுது."

"வள்ளத்துக்கு மருந்து அண்ணாச்சி."

"அப்பம் வள்ளத்துக்கும் சேத்து ஒரு டிக்கெட் எடும்."

பையன் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தான். ஒல்லியாக, உப்பு ஏறிப் பழுப்பான தலைமுடி. பேச்சு குறைவு. டின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தவன், கடற்கரை வந்ததும் நின்று வள்ளத்தைக் காட்டினான். மூக்குப் பக்கம் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. எனக்குக் கை பரபரத்தது.

முதல் ஞாயிறு ஒட்டியது அடுத்த ஞாயிற்றுக்குள் ஊத்தப்பம் மாதிரி உரிந்து வந்துவிட்டது. உப்பு படிந்த இடத்தில் ரெசின் பிடிக்காது என்பது பட்டறையில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம். அதற்குப் பிறகு பையன் கிணற்றிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து வந்து ஊற்றுவான். நான் தேய்ப்பேன். காயவைத்து மறுபடி ஒட்டுவோம். அவனுடைய அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அந்தக் கட்டுமரம் போன நாளிலிருந்து மகனிடம் அவர் பேசுவதில்லை என்று அக்கா சொன்னார். எனக்கு மட்டும் தலையாட்டுவார். எங்கள் வீடு சைவம் என்று தெரிந்ததும் அக்கா எனக்கென்று தனிச் சட்டியில் முருங்கைக்காய்க் குழம்பு வைக்க ஆரம்பித்தார். "எங்க சைவக்காரத் தம்பி" என்று கடற்கரை முழுக்கப் பேரும் வைத்துவிட்டார்.

நாலாவது ஞாயிறு நான் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊரே கோயிலுக்குள் இருந்தது, கடற்கரையில் நானும் காக்கைகளும்தான். அவன் வருவதற்குள் ஏதாவது செய்து அசத்த வேண்டும் என்று வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பின்பக்கப் பலகையின் அடியில் ஒரு ஓட்டை, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. அதில் பழந்துணி சுற்றிய ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவனோ நடுக்கடலில் அவசரத்துக்கு அடைத்ததை அப்படியே விட்டிருக்கிறான், இத்தனை வருஷமாக இப்படியே ஓட்டியிருக்கிறார்களே என்று. கட்டையைப் பிடுங்கித் தூர எறிந்தேன். உள்ளும் புறமும் தேய்த்து, நாலு அடுக்கு நார் வைத்து ரெசின் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, மேலே நீலப் பெயிண்டும் அடித்துவிட்டேன். அங்கே ஓட்டை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அப்படி ஒரு வேலை.

பூசை முடிந்து பையன் வந்தான். மூக்குப் பக்கம் பார்த்தான், உள்ளே ஏறினான், பின்பக்கம் குனிந்து கையால் தடவினான். கை ஒரு இடத்தில் நின்றது. திரும்பவும் தடவினான்.

"அண்ணே, இங்கன துணி சுத்துன கட்ட ஒண்ணு கெடந்துச்சே?"

"அதுவா? தூக்கி எறிஞ்சுட்டேன். இனி அது வேண்டாம்லே. இந்த ஜென்மத்துக்கு அங்கன ஒரு சொட்டுத் தண்ணி வராது."

அவன் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தான். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேன். "நல்லா இருக்குண்ணே" என்றான். அசந்துபோய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாவது ஞாயிறு சாயங்காலம் மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வள்ளத்தை மந்திரித்தார். பையனின் தாய்மாமா தன்னுடைய பழைய மோட்டாரைக் கொடுத்து, தானும் கூட வருவதாகச் சொன்னார். நான் பட்டறையில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் வள்ளத்தை இறக்கினார்கள். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தார்கள். தோள் கொடுத்தவனுக்கு, வள்ளம் திரும்பியதும் கை நிறைய மீன் உண்டு. அது அங்கே பேசாமலே நடக்கிற வழக்கம். நானும் தோள் கொடுத்தேன். வள்ளம் இரண்டு அலையில் குதித்து மூன்றாவதைத் தாண்டியதும், ஏதோ நானே கடலைத் தாண்டிய மாதிரி கத்தினேன்.

பத்து மணி வாக்கில் திரும்பி வந்தார்கள். அக்கா அன்றைக்கு மீன் விற்கப் போகாமல் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். வள்ளம் தாழ்வாக வந்தது, நல்ல மீன்பாடு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மூக்கு மணலில் ஏறியதும் ஓடினோம். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரிய அலை எழுந்து அப்படியே வள்ளத்துக்குள் விழுந்தது. முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சாளை மீனெல்லாம் உள்ளேயே மிதந்தது.

இழுத்தோம். அசையவில்லை. ஆள் கூடக் கூட இழுத்தோம், பாறையைக் கட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. இன்னொரு அலை வந்து மேலும் நிறைத்தது. வள்ளம் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. குறுக்காகத் திரும்பிவிட்டால் அடுத்த அலை புரட்டிப்போட்டு உடைத்துவிடும் என்று பக்கத்தில் நின்றவர் பதறினார்.

அப்போது பையனின் அப்பா கம்பை விட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினார். இரண்டு மாதத்தில் அவர் மகனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"லேய், தக்கையப் புடுங்குலே!"

பையன் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏலே செவிட்டுப் பயலே, தக்கையப் புடுங்குங்கேன்!"

"இறுகிப்போச்சுப்பா, வரமாட்டேங்கு!" என்று கத்தினான் அவன். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், தக்கை என்றால் என்னவென்று. "பொறத்தால அடியில ஓட்ட இருக்கும்லா, அதுல செருகியிருக்கிற கட்டதான். கடலுல அடச்சுக்கிடணும், கரையில ஏத்தும்போது புடுங்கிவிட்டா தண்ணியெல்லாம் தானா வடிஞ்சிரும்" என்றார் அவர், கயிற்றை விடாமல்.

கயிறு கட்டுவதற்காக மணலில் அடித்திருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். "இறுகலை! தக்கையே இல்லை! நான்தான் ஓட்டையை அடைச்சுட்டேன்!" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினேன். கம்பியை அவனிடம் நீட்டினேன்.

அவன் அதை வாங்கிக்கொண்டும் உடனே அடிக்கவில்லை. அந்த அலைக்கு நடுவில் என்னிடம் கேட்டான்: "ஒடைக்கட்டாண்ணே?"

"உடைலே!"

தண்ணீருக்குள் கைவிட்டு இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துக் குத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. உடையவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான் நான் செய்த வேலை மட்டமாக இருந்திருக்கக் கூடாதா என்று வேண்டினேன். அவனுடைய மாமாவும் கம்பியில் கை கொடுத்தார். ஐந்தாவது குத்தில் நீலப் பெயிண்ட் தெறித்து, அலை பின்வாங்கிய நேரம், வள்ளத்தின் அடியிலிருந்து தண்ணீர் குழாய் திறந்த மாதிரி பீறிட்டு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வள்ளம் லேசானது. "பைய, பைய" என்று அவன் அப்பா சொல்லச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து இழுத்து மேலே ஏற்றிவிட்டோம். மூக்கில் நான் ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

பையன் வள்ளத்தின் முன்பக்கம் சாமான் வைக்கிற பொந்துக்குள் கைவிட்டு எதையோ எடுத்தான். நான் தூக்கி எறிந்த அதே கட்டை, துணிகூட மாறவில்லை. அன்றைக்கே தேடி எடுத்து வைத்திருக்கிறான்.

"தெரிஞ்சும் ஏன்லே சொல்லலை?" என்று கேட்டேன்.

"அஞ்சு வாரமா பஸ் ஏறி வந்திய. அன்னைக்கு அவ்வளவு சந்தோசமா நின்னிய, எப்பிடிச் சொல்ல? மொத நாளு ஓட்டத்தப் பாத்துட்டு நீங்க ஊருக்குப் போனப்பெறவு பைய ஒரு துள போட்டுக்கிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள இந்த அல வந்துட்டு." ஏதோ அலை செய்த தப்பு என்பது மாதிரி கடலைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் அப்பா தடுமாறிக்கொண்டே வந்து, கட்டையை அவன் கையிலிருந்து வாங்கி, துணியைப் பிரித்து இறுக்கிச் சுற்றி, உடைந்த ஓட்டையில் வைத்து அளவு பார்த்தார். "கொஞ்சம் பெருசாப் போச்சு. வேற கட்ட சீவித் தாரேன்" என்றார் மகனிடம்.

அக்கா என்னைப் பார்த்து, "ஏந்தம்பி, பாளையங்கோட்டைப் படிப்புல ஓட்டய அடைக்க மட்டுந்தான் சொல்லித் தருவாவளோ?" என்று கேட்க, கடற்கரையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோள் கொடுத்தவர்களுக்கெல்லாம் கை கையாக மீன் அள்ளிப் போட்டார். என் பங்கை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்து, கருப்பட்டியாக மாற்றிக்கொண்டு வந்து என் பைக்குள் வைத்தார். அப்புறம் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் மகனிடம் சொன்னார்: "பம்பாய்ப் பெட்டியில மடிச்சு வச்ச துணியெல்லாம் எடுத்துக் கொடியில போடு. பூஞ்சை புடிச்சிரும்."

இப்போதும் பட்டறைக்கு யாராவது எதையாவது ஒட்டக் கொண்டுவந்தால், தொடுவதற்கு முன்னால் "இது எதுக்கு இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன். முதலாளிக்கே அது ஆச்சரியம். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அந்தப் பாடம் அல்ல. தன் வள்ளமும் பிழைப்பும் கண்ணெதிரே புரளப்போகிற நேரத்தில், ஊர் முன்னால் அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே, "இறுகிப்போச்சுப்பா" என்று ஒரு பதினேழு வயதுப் பையன் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான். அந்த அளவுக்கு ஒருவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ள, எந்தப் படிப்பைப் படித்தால் எனக்கு வரும் என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.