ஒன்பது மைக்ரான் இடைவெளி

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பிஸ்டனைத் துடைத்து உருளைக்குள் இறக்கியது. அவர் தாங்கிப் பிடித்தார். அவள் அளவு பார்த்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் மைக்ரான். முப்பத்தோரு வருடம் உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான அந்த மைக்ரான் அளவுக்குக் கொண்டுவந்தவர். மகள் அங்கேயே பொறியாளராகச் சேர்ந்ததிலிருந்து வேலை நேரத்தில் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

அவள் வடிவமைத்தது கடுங்குளிரை உண்டாக்கும் கருவிக்கான ஹீலியம் கம்ப்ரஸர். பழையது நாலு கிலோ. அதே சக்தி இரண்டு கிலோவில் வேண்டும். ஆகவே சின்னப் பிஸ்டன், இரட்டை வேகம். வாயு கசிந்தால் சக்தி வீண் என்று, பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே வழக்கமாக விடும் பன்னிரண்டு மைக்ரான் இடைவெளியை ஒன்பதாக்கச் சொன்னாள்.

"இத்துனூண்டு டப்பாவுக்குள்ள அவ்வளவு சூடு, மேடம். பிஸ்டன் உப்பினா எங்க போகும், என் தலையிலயா?"

"கணக்கு போட்டாச்சுப்பா. தேய்ச்சுக் குடுங்க."

கொடுத்தார்.

சோதனையில் நாற்பத்தெட்டு மணி நேரம் நிற்காமல் ஓடவேண்டும். இல்லையென்றால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். நாற்பத்தோராவது மணியில் அவர் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கம்ப்ரஸரின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டினார்.

"உரசுது."

"மானிட்டர்ல ஒண்ணுமே இல்ல. இன்னும் ஏழு மணி நேரம்தாம்ப்பா. கையை எடுங்க!"

அவர் சுவிட்சை அணைத்தார்.

"என் ரெண்டு வருஷத்தைக் குழிதோண்டிப் புதைச்சிட்டீங்க" என்றாள், எல்லார் முன்னாலும்.

உதவியாளர்கள் பிரித்தார்கள். பிஸ்டனில் நகத்தளவு கீறல். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் உருளைக்குள் இறுகிப்போயிருக்கும். அவர் பதிவேட்டை இழுத்து எழுதினார்: 'இடைவெளி குறைவு. தேய்த்தவர் பிழை.'

"பொய்ப்பா இது."

"நாளைக்குப் பத்து மணிக்கு டைரக்டரைப் பாத்து, சரிபண்ணி மறுபடி ஓட்ட ஒரு வாரம் டைம் கேக்குறேன். ரிட்டயர் ஆகப்போற கிழவன் சொதப்பினான்னா சிரிச்சிட்டு விட்டுடுவாங்க. உன் பேரு கெடக்கூடாது, கண்ணு."

அவள் பதிவேட்டை மூடிவைத்தாள். நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு.

ஆறாம் நாள் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். திட்டத்தை மூடும் உத்தரவு மேசையில் இருந்தது. டைரக்டரின் கையெழுத்து மட்டும் பாக்கி. பதிவேட்டில் அவர் எழுதிய வரியை அடித்து, கீழே எழுதினாள்: 'பன்னிரண்டை ஒன்பதாக்கச் சொன்னது நான்.' பதிவேட்டோடு டைரக்டர் அறை வாசலில் போய் நின்றாள். அந்த ஒரு வாரத்தை இன்னும் யாரும் கேட்டிருக்கவில்லை.