கண்ணை மூடாமல் ஒரு ஜெபம்

போன சனிக்கிழமை மதியம் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் நல்ல மழை. எங்கள் சபையின் ஆலோசனை அறை ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே தையல் கடை. மழைச் சத்தமும் மெஷின் சத்தமும் கலந்து மேலே வரும்போது, பக்கத்தில் ஏதோ ஒரு பெரிய பிராணி படுத்துத் தூங்குவதுபோல இருக்கும். ஜன்னல் இடுக்கில் நுழைந்த வெளிச்சம்கூட அன்று கொஞ்சம் பச்சையாக, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல...

அந்த வெளிச்சத்துக்குள்தான் எஸ்தரும் ஜான்சனும் வந்து உட்கார்ந்தார்கள். (பெயர்கள் மாற்றப்பட்டவை. அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — வார நாட்களில் நான் கம்ப்யூட்டர் சர்வர்களோடு மல்லுக்கட்டும் இன்ஜினியர். சனிக்கிழமை மட்டும் ஆலோசகர். அதற்கென்று பகுதிநேரமாகப் படித்தேன். சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வேன்? சாத்தியமான காரணங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவேன். மனிதர்கள் எதிரில் உட்காரும்போதும் மூளை அந்த வேலையைத்தான் ஆரம்பிக்கிறது. பழக்கதோஷம்.

ஜான்சன் தூத்துக்குடிக்காரர். ஷிப்யார்டில் பாதுகாப்பு அதிகாரி. எஸ்தர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பாலர் பள்ளி ஆசிரியை. கிளமெண்டியில் வீடு. போன வருடம் எஸ்தரின் வயிற்றில் இருந்த குழந்தை பிறக்காமலே போய்விட்டது. சபையில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்தார்கள். "எல்லாம் ஆண்டவருக்குத் தெரியும்மா" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

எஸ்தர் சுற்றி வளைக்கவில்லை.

"நான் மண்டே அம்மா வீட்டுக்குப் போறேன் சிஸ்டர், கேலாங்குக்கு. திரும்பி வருவேனான்னு தெரியல. இவர்கிட்ட தனியா சொல்ல முடியல. அதான் உங்க முன்னால சொல்றேன்."

"ஏன் தனியா சொல்ல முடியல?"

"சொல்ல ஆரம்பிச்சா எனக்கு அழுகை வரும். எனக்கு அழுகை வந்தா இவரு கண்ண மூடிருவாரு."

எனக்குப் புரியவில்லை. அடுத்த நிமிடமே புரிந்தது. எஸ்தரின் குரல் உடைந்ததும் ஜான்சன் கைகளைக் கோத்தார். தலை குனிந்தது. கண்கள் மூடின. "அன்பின் பரலோகப் பிதாவே..."

நல்ல ஜெபம். தட்டுத் தடங்கல் இல்லாத தமிழ். ஆறுதல், பெலன், சமாதானம் — எல்லாவற்றையும் கேட்டார். எஸ்தரும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் வழிந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். ஜெபம் முடிந்தபோது எஸ்தரின் முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்? வீட்டுல வெங்காயம் நறுக்கவே பயமா இருக்கு லா. கண்ணு கலங்குனா ஒரு ஜெபம் போட்டுருவாரு."

ஜான்சனுக்குச் சுருக்கென்றது. "வேற என்னதான் பண்ணச் சொல்ற? குடிக்கிறேனா, அடிக்கிறேனா? ஜெபம்தானே பண்றேன்?"

நியாயமான கேள்வி.

நான் படித்த முறைக்கு உணர்வு சார்ந்த ஆலோசனை என்று பெயர். கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துக்கம் என்றால் துக்கம், பயம் என்றால் பயம் — அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவசரப்பட்டுத் தேற்றக் கூடாது. சபையில் கற்றுக்கொண்டதோ, பாரத்தை ஆண்டவரிடம் இறக்கி வைப்பது. 'ஜெபம் இருக்கும்போது சைக்காலஜி எதுக்கு?' என்று சபையில் கேட்கிறார்கள். 'இந்த அறைக்குள்ள ஜெபம் எதுக்கு?' என்று படித்த இடத்தில் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் என்மேல் லேசான சந்தேகம்.

மனதுக்குள் வரிசை ஓடியது. ஒன்று, ஜெபத்தை நிறுத்தச் சொல்லலாம். மனிதரிடம் இருக்கும் ஒரே மொழியைப் பிடுங்கியதாகிவிடும். இரண்டு, அப்படியே தொடரட்டும் என்று விடலாம். எஸ்தர் திங்கட்கிழமை போய்விடுவார். மூன்று...



"ஜெபம் வேணாம்னு நான் சொல்லல" என்றார் எஸ்தர். "பண்ணட்டும். கண்ண மூடாம பண்ணட்டும். என்னைப் பாத்துக்கிட்டே பண்ணட்டும்."

ஜான்சன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "கண்ணத் தெறந்துக்கிட்டு எப்படி சிஸ்டர்? சின்ன வயசுல தெறந்தா எங்கம்மா நங்குன்னு குட்டுவாங்க."

"இங்க யாரும் குட்ட மாட்டோம் பிரதர். நாம ஆராதிக்கிற ஆண்டவரும் அழுதவர்தானே? இவங்க அழுதா அவருக்குச் சங்கடமா இருக்காது. ட்ரை பண்ணுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய..." என்று தொடங்கினார். நின்றுவிட்டது. மூடிய கண்களுக்குப் பின்னால் அடுக்கடுக்காக வந்த வார்த்தைகள் எதையும் காணோம். பார்வை ஜன்னலுக்குப் போனது, மின்விசிறிக்குப் போனது, கடைசியில் எஸ்தர் முகத்தில் வந்து நின்றது. மனைவி அழும்போது அவள் கீழுதடு எப்படி நடுங்கும் என்று அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்போல.

"ஆண்டவரே..."



"இவ அழுவுறா."

அறையில் அந்தச் சொல் மிதந்துகொண்டிருந்தது. கீழே மெஷின் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"இவ அழுவுறா ஆண்டவரே. எனக்கு என்ன செய்யுறதுன்னு தெரியல. இவ மொகத்தப் பாத்தா எனக்கும் அந்தப் புள்ள ஞாபகம் வந்துருது. அதான் கண்ண மூடிக்கிறேன்."

எஸ்தர் மிக மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கும் இருக்கா? எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

"பேருகூட யோசிச்சு வெச்சிருந்தேன்."

"என்ன பேரு?"

சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு இருவரும் அழுதார்கள். கைகளைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே. எனக்கு ஒரு வேலையும் இல்லை. மழை விட்டதா, மணி என்ன, அடுத்து வரவேண்டியவர் வந்துவிட்டாரா... எதுவும் உறைக்கவில்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் எங்கள் மூவரோடு இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

யோசித்துப் பாருங்கள். அழுகிறவருக்கு நாம் ஓடிப்போய்ச் சொல்லும் ஆறுதலில் பாதி யாருக்காக? அவர் அழுவதைத் தாங்க முடியாத நமக்காகத்தானே? 'அழாதே' என்பதற்கு எத்தனை பக்தியான சொற்கள் வைத்திருக்கிறோம்...

திங்கட்கிழமை எஸ்தர் அம்மா வீட்டுக்குப் போனார். லீவு போட்டுவிட்டு ஜான்சனும் கூடப் போயிருக்கிறார் — அந்தப் பெயரை அம்மாவிடம் சொல்ல. மறுநாள் இருவரும் கிளமெண்டி வந்து சேர்ந்துவிட்டதாக எஸ்தரிடமிருந்து மெசேஜ் வந்தது.

சொல்ல மறந்துவிட்டேன். அன்றைய ஜெபத்துக்கு எங்களில் ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை.