ஒருவர் பார்க்கிறார்

நேரலை போடுகிறவனுக்கு ஆயுள் முழுக்க இரண்டே கவலைகள்: யாரும் பார்க்கவில்லையே என்பது ஒன்று, பார்க்கிறது யார் என்பது மற்றொன்று. முதல் கவலைக்கு மருந்து சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. கல்யாண மண்டபத்து மூலையில் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, தாலி கட்டி முடிக்கும்வரை நெட் நிற்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நீடாமங்கலத்துக்காரன். ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் பதினான்கு வருஷம் இருந்து, யாரும் எடுக்காத புத்தகங்களுக்கு எண் ஒட்டினேன். இப்போது யாரும் பார்க்காத விசேஷங்களை நேரலை செய்கிறேன். பழைய வேலையிலிருந்து ஒரு கெட்ட பழக்கம் கூடவே வந்துவிட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'சம்மதம்' என்று அழுத்துகிறார்களே, தளங்களின் அந்த விதிமுறைகளை நான் அடிக்குறிப்பு உட்பட முழுக்கப் படிப்பேன். படித்திருப்பதால்தான் எந்தத் தளத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரே ஒரு வீட்டுக்காக ஒரு வருஷத்துக்குள் மூன்று தளம் மாறினேன். அதைச் சொன்னால் போதும்.

அழைப்பிதழ் இல்லாத ஆள்

வளர்மதி டீச்சர் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு லைவ் வேண்டும் என்று வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: சொந்தக்காரர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள்? அதை வைத்துத்தான் தளத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வளைகுடாவில் ஒன்று ஓடும், சிங்கப்பூரில் வேறொன்று. எல்லாரும் ஒரே டவுன்பஸ் போகிற தூரத்தில்தான் இருக்கிறார்கள் என்றார் டீச்சர். கணக்குத் தொடங்காமல், கடவுச்சொல் கேட்காமல், யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார். திருடன்கூடவா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு இளங்கோ என்று ஒரு தம்பி. அப்பா மாரிமுத்து மற்றவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்து, வரப்பு வெட்டி, ஐம்பது வயதுக்கு மேல் சொந்தமாக மூன்று மா நிலம் வாங்கியவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இளங்கோ அந்த நிலத்தை இறால் குட்டைக்கு விடலாம் என்று ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றான். மாரிமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, என் சாவுக்குக்கூட வந்துவிடாதே என்று சொன்னார். அன்று சாயந்திரம் போனவன்தான். கடிதம் இல்லை, போன் இல்லை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகிவிட்டது, அவர் கண்மூடுவதற்குள் தம்பி ஒரு தடவையாவது அவர் முகத்தைப் பார்த்துவிடவேண்டும் என்றார் டீச்சர். லிங்க்கை ஊர்க்காரர்களுக்கெல்லாம் அனுப்பினால் கைமாறி எங்காவது அவனை எட்டும் என்பது அவர் நம்பிக்கை. அப்பாவின் சொல்லை அவன் மீறமாட்டானே என்று நான் இழுத்தேன்.

"வராதேன்னுதான் சார் சொன்னாரு. பாக்காதேன்னு சொல்லலையே."

சத்தம் போன வீடு

முதல் தளம் யாரையும் உள்ளே விடும். ஆனால் காது கூர்மை. நாயனக்காரர் உற்சாகத்தில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்ததும், அது வேறொருவர் சொத்து என்று தளத்தின் இயந்திரம் கண்டுபிடித்து, நேரலையின் ஒலியை மொத்தமாக அடைத்துவிட்டது. ஐயரை வைத்துச் சடங்கு செய்யாத வீடு. டீச்சரே குத்துவிளக்கு ஏற்றிப் பேசினார். அதுவும் ஊமைப் படமாகத்தான் போயிற்று.

பந்தி ஆரம்பித்ததும் எல்லாரும் கொல்லைப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். நானும் இலையில் உட்கார்ந்தேன். நேரலை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, நான் இன்னொரு போனில் அதையே திறந்து வைத்துக்கொள்வது வழக்கம். அதைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன். காலியான கூடம் தெரிந்தது. மாரிமுத்து உள்ளே வந்தார். காலை முழுக்கப் போட்டோவுக்கு நிற்க மறுத்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, கேமராவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். நேராகப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. இரண்டு மூன்று நிமிஷம் நிறுத்தாமல் பேசினார். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். திரையின் மூலையில் 'ஒருவர் பார்க்கிறார்' என்று இருந்தது.

மோர் ஊற்ற எப்போதோ வந்து என் பின்னால் நின்றிருந்த டீச்சர் என் தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டு, சொம்பைச் சாய்த்தபடி அப்படியே நின்றார். இலை நிறைந்து மோர் என் மடியில் வழிந்தது. தம்பி என்று நினைத்திருப்பார்; அந்த ஒருவர் என் போன்தான். கல்யாணப் பத்திரிகையில் ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூடப் பேனாவை எடுக்கிறவன் நான். அந்தப் பிழையை மட்டும் திருத்தவில்லை. நீங்களாக இருந்தால் திருத்தியிருப்பீர்களா? எழுந்து போய்ப் பெரியவரிடம், கேமராவில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்களுக்குச் சொல்லல தம்பி. கேக்க வேண்டியவன் கேட்டிருப்பான்."

ஆணியில் ஒரு சட்டை

தைப் பொங்கலுக்குள் மாரிமுத்து படுக்கையில் விழுந்துவிட்டார். ஊமையாக்கும் தளம் வேண்டாம் என்று இரண்டாவது தளத்துக்கு மாறினேன். வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் ஓய்வு நேரத்தில் அதில்தான் கிடக்கிறார்கள் என்பது காரணம். அந்தத் தளத்துக்கு அழகு பார்க்கிற வியாதி. மனித முகம் எது கிடைத்தாலும் கேட்காமலே பவுடர் பூசி, கன்னத்தைச் சிவக்க வைத்து, கண்ணைப் பெரிதாக்கிவிடும். கட்டிலில் கிடந்தவருக்குக் கன்னம் ஒட்டி எலும்பு தெரிந்தது. திரையில் அவர் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். தூங்குகிறவருடைய இமைமேல் அது கண்ணை வரைந்துகொண்டே இருந்ததால், அறையில் மூடிய கண், போனில் திறந்த கண். பெரியவர் தேறிவிட்டார் என்று உறவுக்காரர்கள் கமெண்ட் போட்டார்கள். அந்த ஃபில்டரை அணைக்கும் இடத்தைத் தேடினேன். தம்பி பார்த்தால் இந்த முகத்தையே பார்க்கட்டும் என்று டீச்சர் தடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில், ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. தளம் அதன் காலருக்கு மேலே, வெறும் சுவரில், இரண்டு கண்ணும் சிவந்த உதடும் வரைந்திருந்தது. நான் ஸ்டாண்டை நகர்த்தினேன். முகமும் நகர்ந்து, சட்டைக்கு மேலேயே நின்றது. மடிப்பும் நிழலும் சேர்ந்து இயந்திரத்தை ஏமாற்றுவது உண்டு. அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் அவ்வளவாக உதவவில்லை. சட்டையைக் கொஞ்சம் அப்புறப்படுத்தலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். புதுச்சுவரில் ஆணி அடிக்காதே என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல், பழைய வீட்டிலிருந்து தன் கையாலேயே கொண்டுவந்து அப்பா மாட்டியது அது என்றார். திரையை ஒரு தடவை பார்த்தார்.

"அது இளங்கோவோட சட்டை சார்."

அரை நிமிஷம்

பங்குனியில் மாரிமுத்து இறந்தார். வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். மூன்றாவது தளத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன்: ஊமையாக்காது, பவுடர் பூசாது, யார் என்று கேட்காது. ஒரே ஒரு குறை, எல்லாவற்றையும் அரை நிமிஷம் தாமதித்துக் காட்டும். நேரலை என்று நாம் பெருமையாகச் சொல்வதெல்லாம் கொஞ்சம் பழைய சமாசாரம்தான். இதில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகப் பழசு, அவ்வளவுதான்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்கு எதிரே கேமரா. சுடுகாட்டுக்குப் போகாத பெண்கள் பார்ப்பதற்காக உள்ளறை டிவியிலும் அதையே ஓடவிட்டிருந்தேன். பாடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பறைச் சத்தம் நகரத் தொடங்கிற்று. பவர்பேங்க் எடுக்க உள்ளறைக்கு ஓடினேன். வாசல்வரை போய்த் திரும்பிய டீச்சர் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். டிவியில் அவருடைய அப்பா இன்னும் கூடத்தில் படுத்திருந்தார். வெளியே பறை தெருவில் இறங்கி நகர்ந்துவிட்டது. டிவியில் அது இன்னும் வாசலில் அதிர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் திரையில் அவர் காலிருந்த இடத்தைத் தொட்டார். அதற்குள் திரையில் நான்கு பேர் குனிந்து அவரைத் தூக்கினார்கள். ஒரே மனிதர் ஒரே வீட்டைவிட்டு இரண்டு தடவை போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இந்த அரை நிமிஷத்த இன்னும் கொஞ்சம் நீட்டி வைக்க முடியாதா சார்?"

பெயர் கேட்கும் வாசல்

பதினாறாம் நாள் கருமாதி. அதற்கு இரண்டு நாள் முன்னால் பாசஞ்சர் ரயிலில் கீழ்வேளூர் போய் இறங்கினேன். நான்காவதாக ஒரு தளம் இருந்தது. யார் யார் பார்க்கிறார்கள் என்று பெயர் பெயராகக் காட்டும். தம்பி இருக்கிறானா இல்லையா என்பது ஒரே நாளில் தெரிந்துபோகும். ஆனால் அதே பட்டியல் என்னையும் காட்டிக்கொடுக்கும். ரயிலில் வரும்போதே முடிவு செய்திருந்ததால், போனதும் உடைத்துவிட்டேன்: கிரகப்பிரவேசத்தன்று எல்லாரும் பந்திக்குப் போன கூடத்தை ஒருவர் பார்க்கிறார் என்று வந்ததே, அது நான்தான், பார்க்கிறவனையும் சேர்த்து எண்ணுவதுதான் இந்தத் தளங்களின் வழக்கம்.

இழவு வீட்டில் டீச்சர் சிரித்தார். கொரோனாக் காலத்தில் எட்டாம் வகுப்புக்கு அவரும் ஆன்லைனில் பாடம் நடத்தியவர். ஒருவர் பார்க்கிறார் என்று தினமும் காட்டியதாம். அந்த ஒரு பிள்ளைக்காக ஒரு மாதம் தொண்டை கட்ட நடத்தி முடித்த பிறகுதான், அது பக்கத்தில் சார்ஜில் கிடந்த தன்னுடைய இன்னொரு போன் என்று தெரிந்ததாம். அன்றைக்கு மோரைக் கொட்டியது எதற்கு என்று கேட்டேன். அப்பா கேமராவிடம் பேசியதைப் பார்த்ததால் என்றார். ஒன்று என்று வருவது யார் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். எல்லாரும் போன பிறகு இரண்டு என்று எப்போது வரும் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். நான்காவது தளத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்.

"பேர் கேக்குற வாசல்ல அவன் வந்து நிக்கமாட்டான் சார்."

கருமாதி முடிந்த மதியம்

ஆகவே மறுபடியும் அந்த அரை நிமிஷத் தளம்தான். வாய்க்கால் கரையில் சடங்கு முடிந்து, சாப்பாடும் முடிந்து, இரண்டு மணி பஸ்ஸுக்கு எல்லாரும் கலைந்தார்கள். டிவியை அணைத்தாயிற்று. கூடத்தில் மாலை போட்ட படம், விளக்கு, ஒரு காலி நாற்காலி. என் கையில் போன்: ஒருவர் பார்க்கிறார். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் இருக்கட்டும் என்றார் டீச்சர். விசிறிகூடச் சுற்றவில்லை. அசைவே இல்லாத ஒரு கூடத்தை ஒரு மணி நேரம் உலகத்துக்குக் காட்டினோம்.

மூன்றேகால் இருக்கும். ஒன்று இரண்டாயிற்று.

நான் எதையும் சொல்வதற்கு முன்னால் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கைதவறித் தொட்ட எவனாகவும் அது இருக்கலாம். தளமே உலவவிடுகிற சோதனை இயந்திரமாகவும் இருக்கலாம், விதிமுறைகளில் இருக்கிறது. போனை டீச்சரிடம் காட்டினேன். அவர் உள்ளே போய் ஆணியிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்துவந்து நாற்காலியின் முதுகில் போட்டார். பிறகு கேமராவுக்கு முன்னால், வகுப்பில் நிற்பதுபோல் நேராக நின்றார்.

"தம்பி, அப்பா அன்னைக்குப் பேசுனது ஒனக்குக் கேட்டிருக்காது. எங்களுக்கும் கேக்கல. அதனால நான் சொல்றேன். வராதேன்னு சொன்னவர் போயிட்டாரு. இனிமே நீ வரலாம். வா."

அவ்வளவுதான். என் போனிலோ டீச்சர் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை; குனிந்து சட்டையை நாற்காலியில் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு டீச்சர் பேசி முடித்து நிற்க, கையில் இருந்த டீச்சர் நிமிர்ந்து பேச ஆரம்பித்தார். அந்தப் பக்கம் யார் இருந்தாலும் இப்போதுதான் கேட்பார்கள். அவரும் என் பக்கத்தில் வந்துவிட, இருவரும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். 'வா' என்ற சொல் போனில் வந்து ஓய்ந்தது. நான் எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டு மறுபடியும் ஒன்றாயிற்று.

போய்விட்டார்கள் டீச்சர், என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுப்படிப் பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

"கெளம்பிட்டான் சார். ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடணும்."

பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிற தொழில் நம்முடையது. அது குறைந்த நாளிலிருந்து வாசல் கேட்டைப் பூட்டாமல் வைத்திருக்கிற வீடும் கீழ்வேளூர்ப் பக்கம் ஒன்று இருக்கிறது.