மிதி வைத்தியரின் முதுகு

மைத்துனனின் முதுகை மிதிக்கப் போய் என் முதுகு டிஸ்க்கைப் பிதுக்கிக்கொண்டவன் நான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மருத்துவர், ஸ்கேன் எடுப்பவர், மருந்துக் கடைக்காரர் என்று எல்லோரிடமும் "சிலிண்டர் தூக்கினேன்" என்று பொய் சொல்லி அலுத்துவிட்டது. எங்கள் வீட்டில் சிலிண்டர் தூக்குவது என் மனைவி.

நான் காலால் பிறந்தவன். எல்லோரும் தலையை முதலில் நீட்டுவார்கள். நான் பாதத்தை நீட்டி, வெளியே வரலாமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் கடலூர்ப் பக்கம் அப்படிப் பிறந்தவனின் காலுக்கு மவுசு உண்டு. முதுகு பிடித்துக்கொண்டவர்கள் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து குப்புறப் படுப்பார்கள். அவன் இடது காலால் மூன்று முறை மிதித்துவிட வேண்டும், பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். மூடநம்பிக்கைகளை மேடையில் கிண்டல் செய்து கைத்தட்டல் வாங்கியவன். ஆனாலும் யார் வந்து படுத்தாலும் மிதித்தேன். ஒரு மனிதர் நம்மைத் தேடி வந்து, நம் காலடியில் படுத்து, எழுந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போகிற சுகத்தை நான் படித்த எந்தப் புத்தகமும் தந்ததில்லை.

இந்த வைத்தியத்தின் சூட்சுமமும் எனக்குத் தெரியும். முதுகுப் பிடிப்பு பெரும்பாலும் தானாக வந்து தானாகப் போகிற விருந்தாளி. அது கிளம்புகிற சமயத்தில் யார் வாசலில் நிற்கிறார்களோ அவர்களுக்குப் பெயர். நான் பல வருடங்களாக வாசலில் நின்றிருக்கிறேன். இது தெரிந்த ஒருவன் அடுத்தவரின் வாசலில் போய் ஏமாறக் கூடாது. நான் ஏமாந்தேன்.

மைத்துனன் பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறான். கனத்த உடம்பு. டின் இறக்கும்போது பிடித்துக்கொண்டது என்று வந்து கூடத்தில் படுத்தான்.

"மாமா, பாத்து மிதிங்க. ஜாஸ்தி வேணாம்."

"நீ பேசாம படு மச்சான்."

முதல் இரண்டு மிதியும் முறைப்படி விழுந்தன. மூன்றாவதில் அவன் பனியன் வழுக்கியது. நான் ஒரு பக்கம் சரிய, இடுப்புக்குள் எதுவோ ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டது. அவன் எழுந்து உட்கார்ந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "விட்டுப்போச்சு மாமா" என்றான். நான் எழுந்திருக்கவில்லை.

படுக்கையில் கிடந்தேன். வலி இடுப்பிலிருந்து இறங்கி இடது கால் வழியாகப் பெருவிரல் வரை போய்ச் சேர்ந்தது. சிதம்பரத்தில் ஒரு அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். அதிகம் பேசாத பெண்மணி. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "குதிகால்ல நடந்து காட்டுங்க" என்றார். வலது பாதம் நிமிர்ந்தது. இடது பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டு, நான் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல் இருந்துவிட்டது.

"டிஸ்க் நரம்ப அழுத்துது. வெறும் வலி மட்டும்னா மாத்திரை, உடற்பயிற்சின்னு பாத்துக்கலாம். நிறைய பேருக்கு ஆபரேஷனே வேணாம். உங்களுக்குப் பாதத்துல பலம் குறையுது. சீக்கிரம் பண்ணிடணும். தள்ளிப்போட்டா பாதம் தூக்க வராமலே போயிடலாம்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். இத்தனை வாக்கியங்களில் நான் வீட்டுக்கு எடுத்துவந்தது ஒன்றைத்தான்: நிறைய பேருக்கு ஆபரேஷனே வேணாம். ஒரு பக்கத்தைப் படித்து அதில் தனக்குப் பிடித்த வரியை மட்டும் மேற்கோள் காட்டுகிற மாணவனை நான் வகுப்பில் நிற்க வைத்திருக்கிறேன்.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் முதுகில் கத்தி வைத்து எழுந்திருக்காமலே போன ஒருவரைத் தெரிந்துவைத்திருந்தார்கள். மைத்துனன் போனை நீட்டினான். கைரோபிராக்டிக். முதுகெலும்பைக் கையாலேயே தட்டிச் சரிசெய்கிற வைத்தியம். கறுப்பு மேசையில் ஒருவரைப் படுக்கவைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமும் திருப்பி, ஒரு அழுத்து. டொக்கென்று சத்தம். அந்த ஆள் எழுந்து சிரிக்கிறார்.

"கத்தி இல்ல, தையல் இல்ல. நீங்க பண்றதுதான் மாமா, அவுங்க கையால பண்றாங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது. என் தொழிலுக்குப் பட்டம் வாங்கிய ஒருவர் இருக்கிறார் என்று அகமகிழ்ந்துபோனேன்.

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவர் அறை. படி ஏறுவதற்குள் நோயாளிகள் தரம் பிரிந்துவிடுவார்கள். நிதானமான இளைஞர். அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதுவது எனக்குச் சுலபம். அவர் நேர்மையாகத்தான் கேட்டார்.

"கால் மரத்துப்போகுதா சார்? பாதத்துல பலம் குறைஞ்சிருக்கா? அப்படின்னா நான் தொட மாட்டேன். நேரா சர்ஜன்கிட்ட போயிடணும்."

"அதெல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

"ஸ்கேன் எடுத்தாந்தீங்களா?"

"அடுத்த தடவ எடுத்தாறேன்."

பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். நான் தொடையிலிருந்து காலையே தூக்கிக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம் அவர். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கும் தலையில் நரை இருந்தது. பேராசிரியர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்திருப்பார்.

ஏன் மறைத்தேன்? கத்தி பயம் பாதி. மீதி, அந்தப் பாதம். ஊரே மரியாதை வைத்திருந்த ஒரு பாதம் செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்ளாதவன் அவரிடம் எப்படிச் சொல்வேன்?

டொக்கென்ற சத்தம் வந்தது. உடம்பெல்லாம் லேசானது. அதன்பின் ஓய்ந்துபோகும்வரை சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் அலைந்தேன். அவர் நேராக்கி அனுப்புவதைப் பரங்கிப்பேட்டை திருப்பத்துக்குள்ளேயே வேகத்தடைகள் பழையபடி ஆக்கிவிடும். குடிகாட்டில் ரசாயன ஆலைகளின் நாற்றம் வரும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்லி எல்லோரும் எழுவார்கள். நான் மட்டும் எழ முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் வலி குறைந்தது. நிஜமாகவே குறைந்தது. நான் கல்லூரியில் சொன்னேன், தெருவில் சொன்னேன், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாவம், அவர் கேட்கவில்லை. இப்போது வேகமாக நடக்கிறார். நசுங்கிய நரம்பு சாகும்போது வலியும் கூடவே ஓய்ந்துபோகலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் அழுது அடம்பிடித்த குழந்தை சத்தமில்லாமல் போனால் சமாதானமாகிவிட்டது என்று நினைக்கிற ரகம் நான்.

ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். மனைவி கதவைத் திறந்தவள் என் காலைப் பார்த்தாள்.

"இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது.

"பஸ்ல கழண்டிருக்கும்."

"கழண்டது தெரியலயா?"

"தெரியல."

"தரை சுடலயா?"

அவள் பீரோவின் மேலிருந்து ஸ்கேன் உறையை எடுத்து, அதன் மேல் இருந்த நம்பரைப் பார்த்து மருத்துவருக்குப் போன் போட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. எழுந்தேன், நடந்தேன், ஊர் சொன்ன எந்த விபரீதமும் நடக்கவில்லை. பாதம் மட்டும் வரவில்லை. மாதங்கள் போயும் வரவில்லை. முன்பாதம் தொங்கும்; அதைத் தாங்க ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை.

"முன்னாடியே வந்திருந்தா சரியாகியிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"முன்னாடியே வந்தீங்களே" என்றார் அவர்.

ஊர் முகத்தில் விழிக்கப் பயந்து வீட்டிலேயே கிடந்தேன். கடைசியில் கூட வேலை பார்த்தவரின் மகள் கல்யாணம், முதுநகர் மாதா கோயிலில், தவிர்க்க முடியவில்லை. மைத்துனன்தான் வண்டி ஓட்டி வந்தான். கோயிலின் நடுப்பாதையில் பாதம் தப்பு தப்பென்று விழ நடந்துபோனேன். பாடல் குழுவே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். பரிதாபப்படுகிறவர்களுக்கு ஒரு பதில், விசாரிக்கிறவர்களுக்கு ஒரு பதில், கொஞ்சம் தத்துவமாக ஒரு பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை. பந்தியிலும் கேட்கவில்லை. பிரியாணி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

கை கழுவப் போகும்போது எனக்கே பொறுக்கவில்லை. மைத்துனனிடம், "பாத்தியா மச்சான், எப்படிக் கால இழுத்து நடக்கிறேன்னு" என்றேன்.

அவன் என் காலைப் பார்த்தான். குழாயை மூடினான்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான மாமா நடப்பீங்க?"